உடையாத வரைவிலக்கணங்கள்

டண்டினோங், மெல்பேர்ண்
9 பெப்ரவரி 2024

அன்புள்ள பவளத்துக்கு,

நானும் கல்யாணியும் சுகம். வெயில்தான் எங்களை வறுத்தெடுக்கிறது. உன் முழங்கால் நோ எப்படி? பாலாவும் பிள்ளையும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்ன வேலையைத் தொடங்கிவிட்டேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்காக ஈஸ்வரமூர்த்தி கேட்டிருப்பது ஒரு சின்னப் புத்தகம். கணிதத்தின் அடிப்படைச் சொற்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரைவிலக்கணம். இங்கே பிள்ளை 'ரொம்பஸ்' என்றால் தாய்க்கு விளங்காது. தாய் 'சாய்சதுரம்' என்றால் பிள்ளை முழிக்கும். வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கப் போய்ச் சண்டையில் முடிகிறதாம். தமிழ் என் பொறுப்பு. ஆங்கிலமும் தட்டச்சும் உன் பொறுப்பு.

வாட்ஸ்அப் இருக்க ஏன் கடிதம் என்று கேட்டாய். போனில் கதைத்தால் "விளங்குதுதானே" என்று சொல்லித் தப்பிவிடலாம். தாளில் எழுதினால் எழுதினதுதான், வேறு துணை இல்லை. முப்பது வருடம் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன், கேள்.

சின்ன வயதில் நாங்கள் விளையாடினது போலவே செய்வோம். நான் வரைவிலக்கணம் எழுதுவேன். அதில் உள்ள எல்லாச் சொல்லுக்கும் பொருந்துகிற, ஆனால் அந்தப் பொருளே இல்லாத ஒன்றை நீ கண்டுபிடித்தால், வரைவிலக்கணம் உடைந்தது. ஒரு நாளும் நீ என்னுடையதை உடைத்ததில்லை என்பதை அன்போடு ஞாபகப்படுத்துகிறேன்.

முதன்மை எண்: ஒன்றிலும் பெரியதும், ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுவதுமான இயற்கை எண்.

சதுரம்: நான்கு பக்கங்களும் சமமான நாற்பக்கல்.

உடைத்துப் பார். உடம்பைக் கவனி.

அண்ணா
கிருபானந்தன்

*

வென்ட்வேர்த்வில், சிட்னி
21 பெப்ரவரி 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மூவரும் சுகம். முழங்கால் நோ போய்விட்டது, நடந்தே ஸ்டேஷனுக்குப் போகிறேன். நீங்களும் அண்ணியும் வெயிலுக்குள் வெளியே திரியாதீர்கள்.

முதன்மை எண்ணோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். நான் வேலை செய்யும் பற்கிளினிக்கில் ஒரு கிழவர் பல்லைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நிற்க, நான் ஒன்பதையும் இருபத்தேழையும் வகுத்துக்கொண்டிருந்தேன். உடையவில்லை.

ஆனால் சதுரம் உடைந்தது அண்ணா. கீழே ஒரு படம் போட்டிருக்கிறேன். நான்கு பக்கமும் ஒரே அளவு, அளந்து பாருங்கள். பக்கவாட்டில் தள்ளிவிட்ட பெட்டி போலச் சரிந்து நிற்கிறது. அது சாய்சதுரம். நீங்கள் செங்கோணத்தைச் சொல்ல மறந்துவிட்டீர்கள்.

பாலாவுக்குக் காட்டினேன். "அண்ணையை வெண்டிட்டீர், இனி உம்மைப் பிடிக்கேலாது" என்று சிரிக்கிறார். உண்மைதான், இன்று கறிக்கு உப்புப் போட்டேனா என்றுகூட ஞாபகமில்லை. அடுத்ததைக் கெதியாக அனுப்புங்கள்.

வெற்றிக் களிப்பில்,
பவளம்

*

டண்டினோங்
4 மார்ச் 2024

அன்புள்ள பவளத்துக்கு,

உன் முழங்கால் நோ எப்படி இருக்கிறது? நாங்கள் இருவரும் சுகம்.

உன் படத்தைப் பார்த்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். செங்கோணம் இல்லாமல் சதுரம் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை இதை விட்டால் நான் எழும்பி நிற்க வைத்திருப்பேன். நன்றாக உடைத்தாய்.

ஒன்று சொல்லி வைக்கிறேன். இனிமேலும் இதே மாதிரி உடைக்க வேண்டும். மூத்தவன், முகம் கோணிவிடும் என்று பார்க்காதே. பிழையைக் கண்டால் விடாதே. புத்தகத்துக்காகத்தான் சொல்கிறேன். பிள்ளைகள் படிக்கப் போகிற புத்தகம்.

சமாந்தரக் கோடுகள்: எவ்வளவு தூரம் நீட்டினாலும் ஒன்றையொன்று சந்திக்காத இரு நேர்கோடுகள்.

பாலாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணா

*

வென்ட்வேர்த்வில்
14 மார்ச் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். முழங்கால் சுகமாகிவிட்டது என்று போன கடிதத்திலேயே எழுதினேனே அண்ணா. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? நித்திரை வருகிறதா?

சமாந்தரக் கோடுகளை வேலைக்குப் போகும்போது ரயிலில் வைத்துப் படித்தேன். ரயில் ஒரு பாலத்துக்குக் கீழே போனது. பாலத்தில் கார்கள் குறுக்காகப் போய்க்கொண்டிருந்தன. தண்டவாளத்தையும் பாலத்துத் தெருவையும் எவ்வளவு தூரம் நேராக நீட்டினாலும் சந்திக்காது, ஏனென்றால் ஒன்று மேலே, ஒன்று கீழே. ஆனால் இரண்டும் சமாந்தரம் இல்லை. 'ஒரே தளத்தில் உள்ள' என்பது விடுபட்டுப் போயிற்று.

உடைத்துவிட்டேன். ஆனால் போன முறை போலச் சந்தோஷம் வரவில்லை. அவசரத்தில் எழுதியிருப்பீர்கள். ஈஸ்வரமூர்த்திக்கு அவசரமென்றால் அவர் பொறுக்கட்டும். நீங்கள் ஆறுதலாக எழுதுங்கள்.

அன்புடன்
பவளம்

*

டண்டினோங்
29 ஏப்ரல் 2024

அன்புள்ள பவளத்துக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது. கராஜை ஒழுங்குபடுத்தினேன், பிறகு தடிமன் காய்ச்சல், பிறகு ஏதேதோ. இப்போது சுகம். உன் முழங்கால் எப்படி?

இதைப் பல முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்த்துவிட்டேன். எனக்கு இது நல்லதாகத்தான் தெரிகிறது. நீ பார். உடைந்தால் உடைந்ததென்று எழுது. இந்த ஒன்றுக்கு மட்டும் உன் பதிலைக் கெதியாக எதிர்பார்க்கிறேன்.

இடையம்: ஒரு தொகுதி எண்களில் சரி நடுவில் நிற்கும் எண்.

அண்ணா

*

மெல்பேர்ண்
30 ஏப்ரல் 2024

அன்புள்ள பவளத்துக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். போனில் கதைத்தால் அவருக்குக் கேட்கும் என்பதால், வேலைக்கு வந்த இடத்தில், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டறையில் இருந்து எழுதுகிறேன்.

உம்முடைய மார்ச் மாதக் கடிதம் வந்த நாள் அவர் சாப்பிடவில்லை. கராஜுக்குள் காரில் ஏறி இருந்தார். எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டேன். "ஓரிடமும் இல்லை, சும்மா இருக்கிறன்" என்றார். பிறகு ஒரு மாதமாகப் பேனையை எடுத்து எடுத்து வைக்கிறார். கோபம் இல்லை, பயந்த ஆள் மாதிரி இருக்கிறார். வேலையை விட்டு ஓய்வெடுத்த மனிசன், அவருக்கென்று மிஞ்சியிருப்பது இந்தக் கணக்குத்தான். அதிலும் பிழை பிடித்தால் எப்படித் தாங்குவார்?

உம்மைக் குறை சொல்லவில்லை. ஒரு உதவி கேட்கிறேன். பிழை இருந்தால் நீரே திருத்தித் தட்டச்சுச் செய்துவிடும். அவருக்கு நல்லதென்று எழுதிவிடும். புத்தகமும் சரியாக வரும், அவரும் மனிசராக இருப்பார். தமையனுக்கு இதைச் செய்ய மாட்டீரா?

இந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் மூச்சு விட வேண்டாம்.

அன்புடன்
அண்ணி கல்யாணி

*

வென்ட்வேர்த்வில்
8 மே 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் வேலை வேலையென்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பதிலை ஆஸ்பத்திரி விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

நீங்கள் கேட்டபடி செய்துவிட்டேன். "முயன்று பார்த்தேன், உடையவில்லை அண்ணா" என்று நேற்று அவருக்கு எழுதிப் போட்டேன்.

ஆனால் அண்ணி, அது உடைகிறது. எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கின பிறகு நடுவில் வருவதுதான் இடையம். அடுக்குவதைப் பற்றி அண்ணா ஒரு சொல்லும் எழுதவில்லை. நாற்பது, மூன்று, ஏழு என்று கிடந்தால் மூன்றுதான் நடுவில் நிற்கிறது. இடையம் ஏழு. பலமுறை எழுதிக் கிழித்தேன் என்கிறார், பிறகும் இதைத்தான் அனுப்பியிருக்கிறார். நான் 'ஏறுவரிசையில் ஒழுங்குபடுத்திய' என்று சேர்த்துத் தட்டச்சுச் செய்துவிட்டேன்.

முழங்காலைப் பற்றி மூன்றாம் தடவையும் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனில் நன்றாகத்தான் கதைக்கிறார், பகிடி விடுகிறார். அதனால் எனக்கு என்ன நினைப்பதென்றே தெரியவில்லை. வீட்டில் வேறு ஏதாவது மாற்றம் பார்த்தீர்களா? ஒன்றுமில்லை என்று நீங்கள் சொன்னால் நம்புகிறேன்.

பவளம்

*

டண்டினோங்
20 மே 2024

அன்புள்ள பவளத்துக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஆனால் எனக்கு இப்படிச் சுகமாக இருந்து கனகாலம். முழங்கால் நோவுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கிறாய்தானே?

உன் கடிதத்தைத் தபால் பெட்டியடியிலேயே பிரித்துப் படித்தேன். உடையவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குக் காரணம் தெரியாமலே கை குலுக்கிவிட்டு வந்தேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன், விடியும்வரை தூங்கினேன். ஓரிடத்துக்குப் போகச் சொல்லி ஒரு கடதாசி மேசை லாச்சிக்குள் கிடந்தது. இனித் தேவையில்லை என்று கிழித்துப் போட்டுவிட்டேன்.

புத்தக வெளியீட்டுக்கு ஜூலை விடுமுறையில் நாங்களே சிட்னிக்கு வருகிறோம். கல்யாணி பிளேன் என்கிறாள். எதற்கு? காரிலேயே வருகிறோம். ஒரே நாள் ஓட்டம். எனக்கு என்ன குறை?

விகிதமுறு எண்: ஒரு முழு எண்ணின் மேல் இன்னொரு முழு எண் என்ற பின்ன வடிவில் எழுதக்கூடிய எண். கீழே உள்ளது எந்த முழு எண்ணாகவும் இருக்கலாம்.

உடைக்க முடியாது என்று பந்தயம் கட்டுகிறேன்.

அண்ணா

*

வென்ட்வேர்த்வில்
3 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

விகிதமுறு எண் உடையவில்லை. பந்தயத்தில் நீங்கள் வென்றீர்கள்.

அண்ணா, பிளேனில் வாருங்கள். ஜூலையில் வழி முழுக்கப் பனிப்புகார், விடிந்து கனநேரம் தெரு தெரியாது என்று பாலாவின் சிநேகிதர் சொல்கிறார். அண்ணிக்கும் கார் ஓடத் தெரியாது, முழுத் தூரத்தையும் நீங்கள் ஒருவரே ஓட வேண்டும். நான் இங்கிருந்து டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன். விமான நிலையத்துக்குப் பாலா வருவார். என் ஆசைக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று கேட்காதீர்கள், குளிர்காலம், அவ்வளவுதான்.

லாச்சிக்குள் இருந்த கடதாசி என்ன கடதாசி? எந்த இடத்துக்குப் போகச் சொன்னது?

பவளம்

*

மெல்பேர்ண்
22 ஜூலை 2024

அன்புள்ள பவளத்துக்கு,

நீர் ஆஸ்பத்திரிக்கு வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனபோது அவர் பக்கத்தில் இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். என் இடது கையில் இன்னும் கட்டு. வலது கையால் எழுத முடிகிறது. அவர் உடம்புக்கு ஒரு கீறல்கூட இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். புகாரெல்லாம் இல்லை, நல்ல வெளிச்சம். சிட்னிக்கு வரும் வழியில் பெற்றோல் அடித்துவிட்டுத் திரும்பவும் ரோட்டில் ஏறினார். ஏறினது எதிர்ப் பக்கத்தில். முன்னால் லொறி வருகிறது, நான் கத்துகிறேன், அவர் "அவன் பிழையான பக்கத்தால வாறான்" என்று சொல்லிக்கொண்டு நேரே போகிறார். லொறிக்காரன் வெட்டி எடுத்ததால் உயிர் தப்பினோம். எங்கள் கார் வேலியில் அடித்து நின்றது.

அம்புலன்ஸில் என் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு அவர் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். "எனக்கு ஒண்டும் இல்லை கல்யாணி. பவளம் பாத்தவள். உடையேல்லை எண்டு எழுதினவள்." எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. அவர் எதை வைத்து அப்படிச் சொல்கிறார்? உமக்கு ஏதாவது தெரியுமா?

உம்மை அப்படி எழுதச் சொன்னது நான்.

அண்ணி

*

டண்டினோங்
9 செப்டம்பர் 2024

அன்புள்ள பவளத்துக்கு,

கல்யாணிக்குக் கட்டு அவிழ்த்துவிட்டார்கள். விரல்கள் அசைகின்றன. அவளுக்கு என்மேல் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம் என்று சொன்னாள்.

எங்கள் விபத்தால் வெளியீடு தள்ளிப்போய்விட்டது, ஈஸ்வரமூர்த்தி அச்சுப்படியைக் கொண்டுவந்து தந்தார். அதில் இடையத்துக்கும் விகிதமுறு எண்ணுக்கும் உள்ள வரைவிலக்கணங்கள் நல்லவை. ஆனால் என்னுடையவை அல்ல. என் கையெழுத்துப் பிரதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 'ஏறுவரிசையில்' என்ற சொல் என்னிடம் இல்லை. கீழே உள்ள எண் பூச்சியமாக இருக்கக் கூடாது என்பது என்னிடம் இல்லை. எந்த எண்ணாகவும் இருக்கலாம் என்றல்லவா எழுதியிருக்கிறேன். நீ கண்டிருக்கிறாய். உடைத்திருக்கிறாய். எனக்குச் சொல்லவில்லை. கல்யாணியைக் கேட்டேன், அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

நான் உங்களுக்குச் சொல்லாததையும் கேள். ஜனவரியில் ஒருநாள் கடைக்குப் போன நான் வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் தெருவோரம் நின்றேன். டொக்டர் நரம்பு நிபுணரிடம் போகச் சொல்லிக் கடிதம் தந்தார். போகப் பயம். கல்யாணிக்குச் சொல்லவும் பயம். அந்த நேரத்தில்தான் புத்தக வேலை வந்தது. எனக்குள்ளே ஒரு கணக்கு வைத்தேன். பவளம் அடுத்தடுத்து மூன்றை உடைத்தால் போவது, இல்லாவிட்டால் இது வெறும் களைப்பு. என் பிழையைக் கண்டால் விடாத ஆள் உலகத்திலேயே நீ ஒருத்திதான் என்று நம்பினேன். இரண்டை உடைத்தாய். மூன்றாவது உடையவில்லை என்று எழுதினாய். அன்றைக்கே டொக்டரின் கடிதத்தைக் கிழித்தேன். அந்தத் தைரியத்தில்தான் கல்யாணியைக் காரில் ஏற்றினேன்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய், கோபம் இருக்கிறது. சொல்லாமல் உன்னை வைத்து என்னை அளந்தது என் பிழை, அதுவும் தெரிகிறது.

போன கிழமை நிபுணரைப் பார்த்தோம். மறதி நோயின் தொடக்கம் என்றார். குணமாக்க முடியாதாம், கொஞ்சம் மெதுவாக்கலாமாம். முன்பே வந்திருந்தால் என்று கல்யாணி கேட்கத் தொடங்கினாள். நான் அவளை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மாதம் ஒன்று எழுதி அனுப்புவேன். உடைகிறதா என்று பார். வீட்டில் எல்லோரும் என்னிடம் இனிமையாகக் கதைக்கிறார்கள். எவ்வளவு தூரம் போய்விட்டேன் என்று எனக்கு யார் சொல்வது? இரக்கம் பார்க்காதே. கீழே இருப்பதை எழுத ஒரு காலை முழுவதும் எடுத்தது. எனக்கு இது சரியாகத்தான் தெரிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

வட்டம்: மூலை எதுவும் இல்லாமல், வளைந்து வந்து, தொடங்கிய இடத்திலேயே சேரும் கோடு.

அண்ணா

*

வென்ட்வேர்த்வில்
17 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாலாவும் பிள்ளையும் சுகம். நான் சுகமில்லை. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து வேலைக்குப் போகவில்லை. உங்கள் உடம்பும் அண்ணியின் கையும் எப்படி என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

மன்னியுங்கள் என்று கேட்டால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். அது எனக்குத்தான் இலகு, ஆகவே கேட்கவில்லை. உங்களுக்கு நோகக் கூடாது என்று செய்தேன். எனக்குப் பயமாக இருந்ததாலும் செய்தேன். உடையவில்லை என்று எழுதினால் உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று நானே நம்பலாம் அல்லவா.

அண்ணி வாசித்துக் காட்ட வேண்டாம், இதை நீங்களே வாசியுங்கள்.

வட்டத்தைப் படித்தேன். முதலில் கை தட்டச்சுக்குத்தான் போனது. 'ஒரு தளத்தில், ஒரு நிலையான புள்ளியிலிருந்து சம தூரத்தில்' என்று போட்டுவிட்டு, நல்லது அண்ணா என்று உங்களுக்கு எழுத ஒரு நிமிடம் போதும். நீங்கள் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டிருப்பீர்கள்.

எழும்பிக் குசினிக்குப் போனேன். ஒரு முட்டையை எடுத்துவந்து இந்தத் தாளில் படுக்க வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டிருக்கிறேன். முட்டை உருண்டதால் ஓரிடத்தில் கொஞ்சம் நெளிந்திருக்கிறது, அதைப் பொருட்படுத்தாதீர்கள். மூலை எதுவும் இல்லை. வளைந்து வந்து தொடங்கிய இடத்திலேயே சேர்கிறது. நீங்கள் எழுதின எல்லாச் சொல்லுக்கும் பொருந்துகிறது. ஆனால் இது வட்டம் இல்லை.

உடைந்துவிட்டது அண்ணா. அடுத்ததை எழுதி அனுப்புங்கள்.

பவளம்